கொஞ்சம் நெருக்கமா இருக்கட்டும்

வீட்டுக்கார அக்கா எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதலில் தேடுவது விசேஷக்காரரை அல்ல, வெறுங்கதிரைகளை. வாசலில் பன்னீர் தெளிக்க நிற்கும் பெண்பிள்ளைகளைத் தாண்டி நேரே உள்ளே போவார். இடுப்பில் கை வைத்து ஒரு பார்வை பார்ப்பார். பிறகு சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆள் இல்லாத கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் கொண்டுபோய் வைப்பார். கலியாண வீடு, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டி எல்லாம் அவருக்கு ஒன்றுதான். அடுக்கி முடித்த பிறகுதான் விசேஷக்காரரைப் பார்த்துச் சிரிப்பார்.

"கொஞ்சம் நெருக்கமா இருக்கட்டும்" என்பார், யாராவது முறைத்தால்.

முறைக்காமல் என்ன செய்வது? கதிரைக்கு வாடகை கொடுத்தவன் முறைக்கத்தான் செய்வான். ஆனால் தபால் கந்தோரில் வேலை செய்கிற மனுசியை யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். பாதி ஊருக்கு அவரைத் தெரியும், மீதி ஊரை அவருக்குத் தெரியும். நானும் விசேஷ வீட்டில் வைத்து ஒன்றும் பேசியதில்லை. அவரோடு ஒரு விசேஷத்துக்குப் போனால், வாசலிலேயே பிரிந்து, எனக்கும் இந்த மனுசிக்கும் சம்பந்தமில்லை என்கிற முகத்தோடு தூரப் போய் இருந்துவிடுவேன்.

கிளிநொச்சியில் அவருடைய வீட்டின் ஒரு பக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் என்றால் நான், என் மனைவி, எங்கள் மகள். வீடு பார்க்கப் போன அன்று எங்கள் பக்கத்தில் மூன்று அறைகள் இருந்தன. திறப்பைத் தரும்போது இரண்டு அறைக்குத்தான் தந்தார். மற்ற அறை யாருக்கு என்று கேட்டேன். ஒருவருக்கும் இல்லையாம். மூன்று பேருக்கு இரண்டு அறை காணுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுசி அதை வேறு யாருக்கோ கொடுத்து இன்னொரு வாடகை எடுக்கப்போகிறது என்று மனைவியிடம் பொருமினேன். அப்படியும் இல்லை. அந்த அறையில் தன் கணவரின் நெல்மூட்டைகளை அடுக்கிப் பூட்டிவிட்டார். அந்த அண்ணை வயலோடு கிடக்கிற மனிதர், வீட்டில் என்ன நடந்தாலும் "அவாவைக் கேளுங்கோ" என்பதோடு சரி.

ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். அந்த இரண்டு அறைக்குள் இருந்த காலத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் சத்தம் போட்டுக் கூப்பிட்டதேயில்லை. குசினியில் நின்று சாதாரணமாகச் சொன்னாலே எல்லாருக்கும் கேட்கும். மகள் கனவில் முனகினால்கூடக் கேட்கும்.

அக்காவின் இந்தக் குணம் எல்லா நேரமும் நல்லதாகவே முடிந்தது என்று சொல்லமாட்டேன். மகளின் முன்பள்ளிக் கலைவிழாவில் ஒரு கூத்து நடந்தது. விருந்தினர்களுக்கென்று முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள் போட்டிருந்தார்கள். விருந்தினர்கள் வழக்கம்போலப் பிந்திவிட்டார்கள். பிள்ளைகளைக் காத்திருக்கவைக்க முடியாமல் ஆசிரியை முதல் நடனத்தைத் தொடங்கினார். எங்கள் அக்கா எழும்பினார். துணியோடு சேர்த்து அத்தனை கதிரைகளையும் அடுக்கி ஓரங்கட்டிவிட்டு, பின்னால் நின்ற தாய்மாரை முன்னுக்குக் கூப்பிட்டுப் பாயில் இருத்திவிட்டார். பிறகு மாலையோடு வந்து சேர்ந்த பிரதம விருந்தினருக்கு இருக்க இடமில்லை. ஆசிரியை அழாக் குறை. அந்த மனிதரும் நல்லவர்தான், வேட்டியை மடித்துக்கொண்டு பாயில் குந்தினார். பக்கத்திலிருந்த குழந்தை ஒன்று அவர் வேட்டியில் பழரசத்தைக் கவிழ்த்தது.

வீட்டுக்கு வந்ததும் பொறுக்கமாட்டாமல் கேட்டேன், ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள், எவ்வளவு வெட்கக்கேடு என்று. அவருக்கு வெட்கமாவது ஒன்றாவது.

"அவர் பிந்தி வந்தவர், தம்பி. பிள்ளையள் ஆடேக்க முன்னுக்கு வெறுங்கதிரையளையோ பாத்து ஆடுறது?"

அவர் சொன்னது சரியாக இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள் வந்தது அந்த மார்கழியில்தான். அதைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. என் அப்பாவும் அம்மாவும் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். எனக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது கிடக்கட்டும், பிறந்த திகதியே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அதிபர் யோசித்துப் போட்டதுதான். நான் வேலை செய்த கந்தோரில் எல்லாரும் என்னோடு நன்றாகத்தான் பழகினார்கள். ஆனால் "இவர் ஜெயபுரத்து ஆள்" என்று என்னைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்யும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்குள் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்களுடைய பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம், குளிரூட்டிய ஹோட்டல்களுக்கும் விருந்து மண்டபங்களுக்கும், பளபளக்கிற தாளில் பரிசு சுற்றிக்கொண்டு போனவன் நான். இனி என் முறை. வந்து பார்க்கட்டும் என்று இருந்தது.

மகளிடமும் வாய் விட்டுவிட்டேன், உன் வகுப்பு முழுக்க வரும், அப்பாவின் கந்தோர் முழுக்க வரும் என்று. அவள் அதை அப்படியே நம்பி, பொம்மைகளையும் போத்தல்களையும் செருப்புகளையும் வரிசையாக வைத்து, அவற்றின் முன்னால் நின்று கேக் வெட்டிப் பழகினாள்.

ஆக, இடம் தேட வேண்டும். கையில் இருந்ததோடு, சுவிஸில் இருக்கும் மைத்துனன் மருமகளுக்கென்று அனுப்பியதையும் சேர்த்தால் ஒரு அளவு வந்தது. கேக்குக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கினால் இடத்துக்குக் காணாது, இடத்துக்கு ஒதுக்கினால் தட்டில் வைக்க ஒன்றும் இருக்காது என்கிற அளவு. நானும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டோம். கேற்றைத் தாண்டவில்லை, பின்னால் அக்கா தன் ஸ்கூட்டியை உதைத்துவிட்டார். முன்னால் என் மகள் நிற்கிறாள்.

"நாங்களும் வாறம்" என்றார். நான் கூப்பிடவில்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அன்றுதான் அவருடைய சோதனையை முதன்முதலில் பார்த்தேன். எந்த இடத்துக்குப் போனாலும் வாடகை கேட்கமாட்டார், மின்விசிறியைப் பார்க்கமாட்டார். நடுவில் போய் நின்று, மகளை ஒரு மூலைக்கு அனுப்பிவிட்டு, "பிள்ளேய்!" என்று ஒரு கூப்பாடு போடுவார். தபால் கந்தோரில் வரிசையின் கடைசி ஆள்வரை எட்டிப் பழகிய குரல். கூப்பிட்டுவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் உதட்டைப் பிதுக்குவார். திரும்பி வராவிட்டால் தலையாட்டுவார்.

முதலில் போனது கண்டி வீதியோரம் ஒரு ஹோட்டல். சும்மா சொல்லக்கூடாது, குளுகுளுவென்று நல்ல இடம். மேலாளர் எங்களை இருத்திப் பழரசம் தந்தார். ஆனால் குறைந்தது இத்தனை பேருக்கான சாப்பாட்டுக்குக் காசு கட்ட வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். வராத ஆட்களின் தட்டுக்கும் காசோ என்று அக்கா கேட்டார். ஓம் அம்மா என்றார் மேலாளர். அக்கா பழரசத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழும்பிவிட்டார்.

அடுத்தது ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் புதிதாகத் திறந்த பிறந்தநாள் மண்டபம். பலூன் வளைவு, வண்ண விளக்கு, சுவரில் வாத்துப் படம் எல்லாம் தயாராக இருந்தது. அக்கா கூப்பிட்டார், குரல் திரும்பவில்லை. மனைவிக்கும் பிடித்துவிட்டது. எங்கள் காசுக்கும் ஒத்துவந்தது. நான்தான் மாட்டேன் என்றேன். ஏறிப்போகிற படி கடையின் பின்னால், கழிவு வாய்க்காலை ஒட்டி இருந்தது. அம்மாவின் முழங்காலுக்கு அந்தப் படி ஏறாது என்று காரணம் சொன்னேன். கந்தோர்க்காரர்கள் அந்த வாய்க்காலைக் கடந்து ஏறி வருவதை நினைத்துப்பார்த்ததுதான் மெய்யான காரணம்.

பிறகு கோயில் மண்டபம் ஒன்று. வாடகை என்று சொல்லவே முடியாது, அவ்வளவு மலிவு. ஆனால் முட்டை போட்ட கேக்கை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். இறைச்சி றோல்ஸ், கட்லட் ஒன்றும் கூடாது. மனைவி முட்டையில்லாத கேக் செய்விக்கலாம் என்றாள். றோல்ஸ் இல்லாத பிறந்தநாளுக்கு என் கந்தோர்ச் சனம் வராது என்றேன்.

"றோல்ஸுக்கு வாற சனம் வராட்டி என்ன, தம்பி?" என்றார் அக்கா.

வீட்டு முற்றமே காணும் என்பது அவருடைய கட்சி. மாமரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு தறப்பாளைக் கட்டினால் போதுமாம். மார்கழி மழையில் முற்றத்தில் யாராவது கேக் வெட்டுவார்களா என்று நான் கேட்டேன். மழையை நான்தான் முதலில் ஞாபகப்படுத்தினேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. மார்கழியில் எங்கள் ஆட்கள் கலியாணம் வைப்பதில்லை. அதனால் மாதம் முழுக்கக் கலியாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கிற மண்டபத்தை ஒரு பின்னேரத்துக்குக் கேட்டால் என்ன? ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெரிய மண்டபத்துக்குப் போய்க் கேட்டேன். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தை மாதத்தில் அந்த வாசலை மிதிக்கவே பயப்படுகிற ஆள் நான். மார்கழியில் அதே மண்டபத்தை மேல்மாடிக்காரன் கேட்டதைவிடக் குறைவாகத் தந்தார். மேடை, சரவிளக்கு, பட்டுத்துணி போர்த்திய கதிரைகள் எல்லாம் சேர்த்துத்தான். புதையல் எடுத்தவன்போல நின்றேன்.

அக்கா நடுவில் போய் நின்று கூப்பிட்டார். "பிள்ளேய்!" குரல் கூரையில் பட்டு வந்தது, மேடையில் பட்டு வந்தது, பிறகு அடுத்த சாப்பாட்டு மண்டபத்துக்குள் போய் அங்கிருந்தும் ஒருமுறை வந்தது. மகளுக்கு ஒரே குதூகலம். அவளும் பதிலுக்குக் கத்தி, தன் குரல் திரும்பி வருவதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து ஓடினாள்.

"இது வேண்டாம், தம்பி" என்றார் அக்கா. காரணங்களை அடுக்கிக்கொண்டே போனார். மார்கழி மழையாம். பள்ளிக்கூடம் விடுமுறை, வகுப்புப் பிள்ளைகள் அம்மம்மா வீடு, மாமா வீடு என்று போய்விடுமாம். பாதிச் சனம் விரதமாம். மலிவாகத் தருகிறான் என்றால் ஏன் தருகிறான் என்று யோசிக்க வேண்டாமோ என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் முதலாளி நிற்கிறார் என்பதையும் மறந்துவிட்டேன்.

"அக்கா, என்ர பிள்ளையின்ர பிறந்தநாள். நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் எங்கள் குசினி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கிண்ணம் கொழுக்கட்டை. மனைவி கதிரை இழுத்துப் போட்டாள். அவர் இருந்துகொண்டு, ஏதோ தபால் கந்தோர் விஷயம் சொல்வதுபோல, சத்தத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் தன் மகளின் கதையைச் சொன்னார். அந்த மகள் இப்போது கலியாணம் முடித்து வவுனியாவில் இருக்கிறாள். இந்தக் கதை நடந்தபோது சின்னப் பிள்ளை.

யுத்தம் முடிந்து முகாமில் இருந்த காலத்தில் இவர்களின் கூடாரத்தைச் சுற்றி இருந்த குடும்பங்கள் எல்லாம் ஒரு வீடு மாதிரி ஆகிவிட்டார்களாம். ஒரே தாங்கியில் தண்ணீர், ஒரே வரிசையில் சாப்பாடு. வெளியில் போனதும் இந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு எல்லாரும் சேருவோம் என்று பேசிக்கொண்டார்களாம். அக்கா அதை மறக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய முதல் வருசமே பள்ளிக்கூட மண்டபத்தைக் கேட்டு எடுத்து, எல்லாருக்கும் சொல்லியனுப்பி, கதிரைகளையும் போட்டார். எப்படிப் போட்டார்? முகாமில் கூடாரங்கள் எந்த ஒழுங்கில் இருந்தனவோ அதே ஒழுங்கில். இன்னார் பக்கத்தில் இன்னார் என்று. ஆனால் அந்தச் சனம் அப்போது புதுக்குடியிருப்பில் ஒருவர், முள்ளிவாய்க்கால் கரையில் ஒருவர், எங்கள் ஜெயபுரப் பக்கம் ஒருவர் என்று சிதறிப் போயிருந்தது. பஸ் இல்லை, பாதை இல்லை. தலைக்கு மேல் கூரையே இல்லாதவன் பிறந்தநாளுக்கு எங்கே வருவான்? ஒருவரும் வரவில்லை.

"பிள்ளை மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு முன்னுக்கு நிண்டவள். அம்மா, அந்தக் கதிரை ஆருக்கு எண்டு கேட்டாள். சொன்னன். அதுக்குப் பக்கத்துக் கதிரை ஆருக்கு எண்டாள். அதையும் சொன்னன். ஒவ்வொண்டாக் கேட்டுக்கொண்டே போனாள், தம்பி. பாதிக்கு மேல என்னால பேர் சொல்ல ஏலாமல் போச்சு."

கிண்ணத்தைப் பிறகு தந்தால் போதும் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

அன்று காலையிலேயே நான் மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டேன் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள், நான் கொழுக்கட்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். அது அவருடைய பிள்ளையின் காலம், இது வேறு காலம், இப்போது பஸ் இருக்கிறது, பாதை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறந்தநாளுக்கு முதல்நாள் மழை தொடங்கியது. வன்னி மார்கழி மழையைப் பற்றி வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. விடிந்தபோது குளங்கள் நிரம்பி வான் பாய்கிற சத்தம் வீதிவரை கேட்டது. பின்னேரம் நான் முன்கூட்டியே மண்டபத்துக்குப் போனேன். மண்டபக்காரர்கள் சொன்னபடி எல்லாம் செய்திருந்தார்கள். வரிசை வரிசையாக, வாசல்வரை, பட்டுத்துணி போர்த்திய கதிரைகள். மேடையில் மூன்றடுக்குக் கேக். ஒரு குருவிகூட இல்லை.

கைபேசி அடிக்கத் தொடங்கியது. கந்தோரில் எனக்கு மேலே இருப்பவர் அழைப்பெடுத்தார், மழை என்றார். கீழே இருப்பவர் எடுத்தார், மழை என்றார். சிலர் அழைப்பே எடுக்கவில்லை. மண்டபத்திலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் வீடு உள்ள ஒருவரும் மழை என்றுதான் சொன்னார். மகளின் வகுப்பில் பாதி ஊரில் இல்லை. மீதியில் மூன்று பிள்ளைகள் தாய்மாரோடு நனைந்துகொண்டு வந்தார்கள். பிறகு வீதியில் உழவு மெசின் சத்தம் கேட்டது. ஜெயபுரத்திலிருந்து மதகுகளுக்கு மேலால் பாய்கிற தண்ணீரைக் கடந்து, மெசின் பெட்டியில் தறப்பாள் கட்டிக்கொண்டு, என் அம்மா, தங்கச்சி குடும்பம், அயல்வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வந்து இறங்கினார்கள். அம்மா மண்டபத்துக்குள் காலை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"எதுக்குய்யா இம்மாம் பெரிய எடம்?" என்றார்.

வந்தவர்கள் எல்லாரையும் இருத்தினால் முன்வரிசைகூட நிரம்பவில்லை. அந்த நேரம் மனைவி கைபேசியில் வந்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிட்டார்களாம். கொஞ்சம் பொறுத்து வா என்றேன். பிள்ளை துடிக்கிறாள், வெளிக்கிட்டாயிற்று என்றாள். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பிள்ளை கண்ணுக்குள் வந்து நின்றது. என் மகளும் வந்து நின்று கேட்கப்போகிறாள். முதல் கதிரை அப்பாவின் கந்தோர் மாமாவுக்கு என்று நான் சொல்லத் தொடங்க வேண்டும்.

அப்போதுதான் அக்கா வந்தார். மழைச்சட்டையிலிருந்து தண்ணீர் ஓடுகிறது. ஒரு பார்வை பார்த்தார். நான் அப்போதே சொன்னேனே என்ற சொல் அவர் வாயிலிருந்து அன்றும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. இந்த ஒன்றுக்காகவே அந்த மனுசியைக் கும்பிடலாம்.

"மழை விட்டால் வருவினம், அக்கா" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"வராத ஆக்களை விடுங்கோ, தம்பி. வந்த ஆக்களைப் பாருங்கோ. பொம்பிளை வெளிக்கிடுற அறையின்ர திறப்பு ஆரிட்ட?"

மேடைக்குப் பின்னால் மணப்பெண்ணுக்குச் சோடிக்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. இரண்டு பக்கச் சுவர் நிறையக் கண்ணாடி. பின்முற்றத்துக்குத் தனியாக ஒரு கதவு. அக்கா கட்டளையிட, நானும் தங்கச்சியின் புருசனும் மேசையோடு கேக்கைத் தூக்கி உள்ளே வைத்தோம். தங்கச்சி பலூன்களை மேடையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளைகளை அலங்கார மேசையின்மேல் வரிசையாக ஏற்றி இருத்தினார் அக்கா. பெரியவர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். காவலாளியையும் சமையல்காரப் பெண்களையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போனார். எங்கே போகிறார் என்று விளங்கவில்லை. திரும்பி வரும்போது அவருக்குப் பின்னால், எதிரே பஸ் தரிப்பிடத்தில் மழைக்கு ஒதுங்கி நின்ற சனம் முழுக்க வந்தது. ரியூசன் முடிந்த பிள்ளைகள், மேசன் வேலைக்காரர்கள் இரண்டு பேர், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒரு கிழவர். அந்தக் கிழவர் வாசலில் தயங்கினார். கையில் பரிசு ஒன்றும் இல்லையே என்றார்.

"கை இருக்குத்தானே அப்பு. தட்டினால் காணும்" என்றார் அக்கா.

பெரிய மண்டபத்தின் விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, மனைவிக்குத் தானே அழைப்பெடுத்து ஓட்டோவைப் பின்பக்கம் விடச் சொன்னார். அந்தக் கதவால்தான் என் மகள் உள்ளே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கால் வைக்க இடமில்லை. கண்ணாடியைப் பார்த்தாள், அதற்குள்ளும் சனம். மற்றப் பக்கம் திரும்பினாள், அங்கும் சனம், அந்தச் சனத்துக்குப் பின்னாலும் சனம். கேக்கில் ஐந்து மெழுகுதிரி ஏற்றினோம், கண்ணாடிக்குள் எத்தனையோ எரிந்தன. பெயரே தெரியாத பிள்ளைக்கு மேசன்மார் தொண்டை கிழியப் பாடினார்கள். சத்தம் எங்கும் போகாமல் அந்த அறைக்குள்ளேயே சுழன்றது. என் அம்மா நெரிசலில் நசுங்கிக்கொண்டு, ராசாத்தி ராசாத்தி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். காணொளி அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்த சுவிஸ் மைத்துனன் எனக்குச் சொன்னது இதுதான்:

"அத்தான், காசைப் பாக்காமல் இன்னும் பெரிய மண்டபமா எடுத்திருக்கலாமே. சனம் நசிபடுது."

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியாது. றோல்ஸ் தட்டுகள் தலைகளுக்கு மேலால் கைமாறிப் போயின. பஸ் வந்தபோது அதில் ஏற மனமில்லாமல்தான் அந்தச் சனம் போனது. கிழவர் மட்டும் அடுத்த பஸ்ஸில் போகிறேன் என்று இன்னொரு துண்டு கேக்கோடு இருந்துவிட்டார்.

கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரம் அக்காவைக் காணவில்லை. தேடிக்கொண்டு பெரிய மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அரைகுறை இருட்டில் அவர் பட்டுத்துணியோடு கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றார். ஏற்கெனவே ஒரு பக்கம் முடித்துவிட்டார்.

இனி எதற்கு அக்கா, பிள்ளை இந்தப் பக்கம் வரவேயில்லையே, மண்டபக்காரர் எடுப்பார்கள் என்றேன்.

"கக்கூசுக்குப் போற வழி இதாலதான், தம்பி. பிள்ளை சோடா குடிச்சிருக்கிறாள்."

நான் கைச்சட்டையை மடித்துக்கொண்டு போய் மற்றப் பக்கம் தொடங்கினேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் என் மேலதிகாரிக்கென்று ஒதுக்கியிருந்த கதிரையை நானே தூக்கி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை. கடைசிக் கதிரையைச் சாத்தியபோது பின்னால் சின்னக் காலடி கேட்டது. மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வெறும் நிலத்தைக் கடந்து ஓடினாள். இந்தப் பெரிய இடம் ஓடிவிளையாடவா அப்பா என்று கேட்டாள். ஓம் என்றேன். வந்த பிள்ளைகள் அத்தனையும் வழுக்கி வழுக்கி அங்கே விளையாடின.

அடுத்த நாள் கந்தோரில், எப்படிப் போனது பிறந்தநாள் என்று கேட்டார்கள். சனம் தாங்கவில்லை என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மைத்துனன் காணொளி அழைப்பிலிருந்து எடுத்து அனுப்பிய படங்களைக் காட்டினேன். பார்த்தவர்கள் மழையைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

அக்கா ஓய்வு பெற்றபின் வவுனியாவில் மகளோடு இருக்கிறார். நாங்கள் சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட்டோம். கூடத்தை இன்னும் கொஞ்சம் அகலமாகப் போடலாம் என்று மேசன் சொன்னபோது, வேண்டாம், கொஞ்சம் நெருக்கமா இருக்கட்டும் என்று என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். விசேஷங்களுக்குப் போனால் என் கண்ணும் முதலில் வெறுங்கதிரைக்குத்தான் போகிறது. சிலவேளை எழும்பி அடுக்கிவிடுகிறேன். மகள் வெட்கத்தில் தூரப் போய் இருக்கிறாள்.

அவள் இப்போது வளர்ந்துவிட்டாள். போன கிழமை சிநேகிதி ஒருத்தியின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்தாள். ஹோட்டலில் வைத்தார்களாம், குளிரூட்டி, இசைக்குழு எல்லாம் இருந்ததாம். எப்படி இருந்தது என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"நல்லாத்தான் இருந்தது, அப்பா. எண்டாலும் என்ர அஞ்சாவது பிறந்தநாளுக்கு வந்த மாதிரிச் சனம் வரேல்லை. அண்டைக்கு இருக்கக்கூட ஒருத்தருக்கும் கதிரை கிடைக்கேல்லை, என்ன?"

"ஓம் பிள்ளை" என்றேன். "அண்டைக்கு ஒரு கதிரையும் மிச்சமில்லை."